பல் எடுத்த பின்பு முதல் ஏழு நாட்கள்



பிழைப்பிற்காகச் சொந்த ஊரை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் அகமதாபாத்திலும் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "மே மாதம் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பதே அது. நிலத்தின் பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், வீட்டுக் கூரையின் ஒழுக்கு ஆகியவற்றை இப்படித் தள்ளிவைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் வலிக்கும் கடைவாய்ப்பல்லையும் நாம் சேர்த்துவிடுகிறோம். மொழி தெரியாத மருத்துவரிடம் எப்படிப் பேசுவது, எவ்வளவு செலவாகுமோ, வேலைக்கு விடுப்புக் கிடைக்குமா என்னும் தயக்கங்களே இதற்குக் காரணம்.

அதன்பின் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். பல மாதங்கள் மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளிலும் கிராம்பிலும் கழிகின்றன. ஊருக்குப் போனதும் திருமண வீடு, துக்க வீடு, கோயில் பிரதிஷ்டை என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. ரயில் ஏறுவதற்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது அவசர அவசரமாகப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறோம். மூன்றாம் நாள் இரவு, மருத்துவரும் இல்லாத, படுக்க வசதியும் இல்லாத ரயில் பெட்டியில், பல் இருந்தபோது கண்டிராத வலி தொடங்குகிறது.

பல்லை எடுப்பது சில நிமிட வேலை. அது சுகமாக முடிந்ததா என்பதைத் தீர்மானிப்பதோ, அதற்குப் பின்வரும் ஏழு நாட்கள். அந்த ஏழு நாட்களும் பல்லை எடுத்த மருத்துவருக்கு அருகிலேயே, உங்கள் சொந்த வீட்டில், உங்கள் சமையலறைக்கு எட்டிய தூரத்தில் கழிய வேண்டும். ஆகவே நீங்கள் குடியிருக்கும் நகரமே பல் எடுப்பதற்கு ஏற்ற இடம். அதை எப்படித் திட்டமிடுவது, வீட்டில் எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதைப் பார்ப்போம்.

எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டியதில்லை

வலிக்கிற பல்லெல்லாம் பிடுங்க வேண்டிய பல் அல்ல. சொத்தை நரம்பை எட்டியிருந்தாலும் பல்லின் சுவர்கள் உறுதியாக இருக்குமானால், வேர்க்குழாய்ச் சிகிச்சை செய்து மேலே உறையிட்டுப் பல ஆண்டுகள் காப்பாற்றலாம். சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கி, பல்லைக் கட்டுவதற்கு ஆதாரமே இல்லாமல் போய்விட்டால், அல்லது வேர் பிளந்துவிட்டால், அல்லது ஈறு நோயினால் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கினால், எடுப்பதே வழி. 17 வயதிற்கும் 25 வயதிற்கும் இடையில் முளைக்கும் ஞானப்பல் இடமில்லாமல் சாய்ந்து, ஈறுக்குள் சிக்கி, அடிக்கடி வீக்கத்தையும் வலியையும் தருமானால் அதையும் எடுக்க நேரிடும்.

"இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" என்ற கேள்வியை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் இதற்குச் சரியான பதில் சொல்வது கடினம்.

எங்கே செல்வது?

பெரிய நகரங்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தனியார் மருத்துவமனையின் கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு இவை பேருதவி. மும்பையில் சத்திரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையத்திற்கு அருகே, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவமனை இருக்கிறது. தில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ அறிவியல் நிறுவனமும், பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனைக்கு அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரியும், அகமதாபாத்தில் அசார்வா பகுதியில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கொல்கத்தாவில் உள்ள ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி, டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் தொடங்கியது; இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. இவ்விடங்களில் காலையிலேயே சென்று சீட்டு எடுக்க வேண்டியிருக்கும், காத்திருக்கவும் வேண்டியிருக்கும்.

வட நகரங்களின் நடைபாதைகளில் விரித்த துணியின் மேல் குறடுகளை வைத்துக்கொண்டு பல் பிடுங்குவோரை நீங்கள் பார்த்திருக்கலாம். செலவு குறைவு என்று அங்கே உட்கார்ந்துவிடாதீர்கள். நன்றாகக் கிருமி நீக்கம் செய்யப்படாத கருவியின் வழியாக மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி. கிருமியும் பரவக்கூடும். பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். படித்துப் பதிவு பெற்றவரிடமே செல்லுங்கள்.

நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். விடுமுறை என்பதால் பலர் சனிக்கிழமை மாலையில் பல் எடுக்கிறார்கள். மறுநாள் ஞாயிறு, மருத்துவமனை பூட்டியிருக்கும். இரத்தம் நிற்காவிட்டால் யாரிடம் போவது? வாரத்தின் தொடக்கத்தில், காலை வேளையில் எடுத்துக்கொண்டால், மாலைக்குள் ஏதேனும் தொல்லை வந்தாலும் அதே மருத்துவரைப் பார்க்கலாம். மூன்றாம், நான்காம் நாட்களிலும் அவர் அங்கே இருப்பார். விடுப்பு ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், அதை அந்த முதல் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்

"பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?" என்று எண்ணி, நம்மில் பலர் பழைய நோய்களைச் சொல்வதில்லை. தொடர்பு மிகவும் உண்டு.

சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும் அபாயமும் கூடும். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றிற்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை உட்கொள்கிறவர்களுக்கு இரத்தம் உறைய நேரமாகும். இவர்கள் செய்யக்கூடாத ஒன்று, பல் எடுப்பதற்காகத் தாங்களாகவே அந்த மாத்திரையை நிறுத்துவது. மாத்திரையை நிறுத்தியதால் மூளையிலோ இருதயத்திலோ இரத்தம் கட்டிவிட்டால், அது உயிருக்கே ஆபத்து. பல் குழியின் இரத்தக் கசிவையோ அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். வார்ஃபரின் உட்கொள்கிறவர்கள் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்து அறிக்கையோடு செல்ல வேண்டும்.

இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள், பல் எடுப்பதற்குமுன் கிருமி எதிர்ப்பு மருந்து எடுத்துக்கொள்ள நேரிடும். எலும்புத் தேய்மானத்திற்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுவாக்கும் ஊசி போட்டவர்களுக்கும், தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. ஆகையால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை ஏற்ற காலம். ஆனால் சீழ்க்கட்டி போன்ற அவசரமானால் எந்த மாதத்திலும் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது.

மொழி தடையாக இருந்தால், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவை உங்களுக்காகப் பேசும். இந்தி பேசும் இடங்களில் இந்த வாக்கியங்கள் உதவும். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு: "முஜே சுகர் ஹை". நான் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்கிறேன்: "மேம் கூன் பத்லா கர்னே கீ தவாயி லேதா ஹூம்", பெண்களானால் "லேதீ ஹூம்". இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது: "முஜே இஸ் தவாயி ஸே அலர்ஜி ஹை".

வெறும் வயிற்றோடு செல்ல வேண்டாம். பல் அருகில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போடுவதற்குப் பட்டினி தேவையில்லை. பட்டினியால் மயக்கமே வரும். காலை உணவை உண்டு, சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் வழக்கம்போல் உட்கொண்டு செல்லுங்கள். முழு மயக்கம் கொடுக்கப்படும் என்றால் மட்டும், மருத்துவமனையில் சொல்லும் நேரத்திலிருந்து உண்ணாமல் இருக்க வேண்டும்.

நாற்காலியில் அமரும்போது

பயம் இயல்பானதே. ஆனால் நம் தாத்தா பாட்டி காலத்துப் பல் பிடுங்கலை எண்ணி நடுங்க வேண்டியதில்லை. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துகொண்டு, தம் பல்லையே இன்னொரு மருத்துவரைக் கொண்டு எடுக்கச் செய்தார். வலியில்லாமல் பல் எடுக்க முடியும் என்பதை அவர் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். இன்று நம் ஈறில் போடப்படும் லிக்னோகெய்ன் மருந்தை 1943இல் சுவீடன் நாட்டின் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். 1948 முதல் அது விற்பனைக்கு வந்தது.

ஊசி போடும்போது ஒரு சுருக்கென்ற வலி இருக்கும். பின்பு உதடும், கீழ்த்தாடையானால் நாக்கின் ஒரு பாதியும் தடித்ததுபோலத் தோன்றும். பல்லை எடுக்கும்போது அழுத்தமும் அசைவும் தெரியும், சத்தமும் கேட்கும். கூரிய வலி தெரியக்கூடாது. தெரிந்தால் கையை உயர்த்துங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பற்களைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவதில் பெருமை ஒன்றும் இல்லை.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று இன்றும் சிலர் அஞ்சுகிறார்கள். பார்வையைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு, பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை குறைவதில்லை. இந்த அச்சத்தினால் சீழ் பிடித்த பல்லை வாயிலேயே வைத்திருப்பதுதான் கேடு.

குழியில் உறையும் இரத்தமே மருந்து

பல் எடுத்த இடத்தில் ஒரு குழி உண்டாகிறது. அதன் அடியில் எலும்பும் நரம்பு நுனிகளும் திறந்து கிடக்கின்றன. சில நிமிடங்களில் அந்தக் குழியை இரத்தம் நிரப்பி, கூழ்போல் உறைந்து ஒரு மூடியாகிறது. எலும்பைக் காற்றும் உணவும் எச்சிலும் தீண்டாமல் காப்பது இந்த உறைவே. இதன்மேல்தான் புதிய சதை வளருகிறது. இதன் இடத்தில்தான் பின்னர் எலும்பு நிரம்புகிறது.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், மருத்துவர் சொல்லும் நிபந்தனைகள் யாவும் தாமாகவே விளங்கும். துப்பாதே, கொப்பளிக்காதே, உறிஞ்சாதே, சூடாகக் குடிக்காதே, புகைக்காதே என்பவை எல்லாம் அந்த உறைவைப் பெயர்க்காதே என்னும் ஒரே கட்டளையின் பல வடிவங்கள்.

முதல் 24 மணி நேரம்

மருத்துவர் வைத்த பஞ்சை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம், பேச்சையும் குறையுங்கள். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. ஒரு துளி இரத்தம் வாய் நிறைந்த எச்சிலையும் சிவப்பாக்கிவிடும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். மீண்டும் இரத்தம் ஊறினால், சுத்தமான பஞ்சுத் துணியை மடித்துக் குழியின்மேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, 30 நிமிடம் விடாமல் கடியுங்கள். அப்படி இருமுறை செய்தும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வீட்டிற்கு வந்ததும் கன்னத்தின் வெளிப்புறத்தில், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுத்துவிடுங்கள். முதல் நாள் முழுவதும் இப்படிச் செய்தால் வீக்கம் குறையும். வெறும் பனிக்கட்டியைத் தோலின்மேல் வைக்காதீர்கள். இரவில் தலைக்கு இரண்டு தலையணைகள் வைத்து, தலையை உயர்த்திப் படுங்கள். குழாயடியிலிருந்து நான்காம் மாடிக்குத் தண்ணீர் சுமப்பது, மூட்டை தூக்குவது, குனிந்து வீடு மெழுகுவது ஆகியவை அன்று உங்கள் வேலையல்ல. வீட்டிலுள்ள மற்றவர்கள் அதைப் பகிர்ந்துகொள்ளட்டும்.

மரத்துப்போன உணர்வு இரண்டு முதல் நான்கு மணி நேரம் இருக்கும். அதுவரை எதையும் மென்று உண்ணாதீர்கள். உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்வது தெரியாது. பல் எடுத்த பிள்ளைகளை இந்த நேரத்தில் அருகிலிருந்து கவனியுங்கள். வேடிக்கையாகக் கீழுதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் பலர்.

வலி மாத்திரை

மரத்த உணர்வு முழுவதும் நீங்குவதற்குமுன்பே, மருத்துவர் எழுதிக்கொடுத்த முதல் வலி மாத்திரையை உட்கொள்ளுங்கள். வலி உச்சத்திற்கு ஏறிய பின் அதை இறக்குவது கடினம். பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பல் வலிக்கு நன்கு பயன்படுபவை. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் உட்கொள்ளக்கூடாது.

ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வயிற்றுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காம்பிஃப்ளாம் மாத்திரையில் 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனோடு 325 மில்லிகிராம் பாரசிட்டமாலும் இருக்கிறது. டோலோ 650 என்பதும் பாரசிட்டமாலே. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால், அறியாமலே அளவு மிஞ்சிவிடும். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளில் எல்லா மாத்திரைகளையும் சேர்த்துப் பாரசிட்டமால் 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அளவு இன்னும் குறைவு.

வலிக்கென்று ஆஸ்பிரின் வாங்காதீர்கள். அது இரத்தக் கசிவைக் கூட்டும். மாத்திரையைப் பொடித்து ஈறின்மேல் வைப்பதும், கிராம்பு எண்ணெயைக் குழிக்குள் ஊற்றுவதும் சதையைப் பொசுக்கிவிடும். கிருமி எதிர்ப்பு மருந்து எல்லாருக்கும் தேவையில்லை. உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், வலி நின்றதும் பாதியில் விடாமல், சொன்ன நாள்வரை உட்கொள்ளுங்கள். மீந்ததை அடுத்த வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

உணவும், உபவாசமும், ஆராதனையும்

முதல் நாள் ஆறிய, மிருதுவான உணவு வேண்டும். குழையப் பிசைந்த தயிர்சாதம், ஆறிய அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், குளிர்ந்த பால் ஆகியவை ஏற்றவை. இளநீரையும் மோரையும் உறிஞ்சு குழலால் குடிக்காமல், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். உறிஞ்சும் விசை உறைவைப் பிடுங்கிவிடும். கொதிக்கும் தேநீரும் காரக் குழம்பும் வேண்டாம். மறுநாள் முதல் குழைந்த பருப்புச் சோறு, வேகவைத்த முட்டை, கிச்சடி என்று மெல்ல மெல்ல மாறலாம். மறுபக்கத்துப் பற்களால் மென்று உண்ணுங்கள். முறுக்கு, பொரி, எள்ளுருண்டை, நிலக்கடலை ஆகியவற்றை ஒரு வாரம் ஒதுக்குங்கள். அவற்றின் துணுக்குகள் குழிக்குள் போய்த் தங்கிவிடும்.

அந்த வாரத்தில் சபையில் உபவாச ஜெபம் இருக்குமானால், உங்கள் உபவாசத்தை அடுத்த வாரத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை உட்கொண்டால் வயிறு புண்ணாகும். சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையும் பட்டினியும் சேர்ந்தால் மயக்கம் வரும். புண் ஆறுவதற்கு நீரும் புரதமும் தேவை. உங்கள் போதகரிடம் சொன்னால் அவர் இதைப் புரிந்துகொள்வார். ஜெபிக்கிறவர் மருந்து உட்கொள்வதும், மருந்து உட்கொள்கிறவர் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முதல் இரண்டு நாட்கள் வாயை அகலத் திறந்து உரத்த குரலில் பாடுவதையும், நெடுநேரம் நிற்பதையும் தவிர்த்து, அமர்ந்து மௌனமாய்க் கலந்துகொள்ளுங்கள். டிரம்பெட், கிளாரினெட் போன்ற ஊது கருவிகளை வாசிக்கும் சகோதரர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

புகையிலை எந்த வடிவத்திலும் கூடாது. பீடி, சிகரெட் இழுப்பதும், கைனி, குட்கா அடக்குவதும் குழியின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து உறைவைக் கெடுக்கும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இப்பழக்கம் உள்ளவர் பல் எடுத்திருந்தால், அந்தக் கட்டாய ஓய்வையே விடுதலைக்குத் தொடக்கமாக்கலாம். விட விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை தரும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356.

இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை

24 மணி நேரம் கழிந்தபின் உப்பு நீர் தொடங்குங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். வாயில் வைத்து, தலையை மெதுவாக இருபுறமும் சாய்த்து, வாயைத் திறந்து நீர் தானாக விழும்படி விடுங்கள். உணவுக்குப் பின்னும் படுக்குமுன்னும் என நாளுக்கு நான்கைந்து முறை செய்யலாம். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள்; குழியருகே மட்டும் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் சுத்தமாக இல்லாவிட்டால் புண் எளிதில் ஆறாது.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாட்களில் மிகுந்து, பிறகு வடியும். ஆகவே மறுநாள் கன்னம் இன்னும் பருத்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இரண்டு நாட்களுக்குப் பிறகு பனிக்கட்டி பயன்படாது. வெதுவெதுப்பான துணி ஒத்தடம் தாடைக்கு இதமளிக்கும். குழியின்மேல் வெண்மையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். பலர் அதைச் சீழ் என்று எண்ணிக் குச்சியால் சுரண்டிவிடுகிறார்கள். அது ஆறுகிற புண்ணின் இயல்பான மூடி. விரலோ நாக்கோ அதைத் தொட வேண்டாம். கறுப்பு நூலால் தையல் போட்டிருந்தால், ஏறக்குறைய ஏழாம் நாள் பிரிப்பார்கள். ஈறு மூடுவதற்குச் சில வாரங்களும், உள்ளே எலும்பு நிரம்புவதற்குச் சில மாதங்களும் ஆகும்.

உலர்ந்த குழி

நாளுக்கு நாள் வலி குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்துவந்த வலி, மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ திடீரென்று மிகுந்து, காது வரைக்கும் குத்தி, மாத்திரைக்கும் அடங்காமல், வாயில் துர்நாற்றமும் கசப்பும் சேர்ந்தால், உறைவு பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அறியுங்கள். இதைப் பல் மருத்துவர்கள் உலர்ந்த குழி என்பார்கள். புகைபிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கும், கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு மருந்துக் கடையில் மேலும் வலிமையான மாத்திரை தேடி அலைவதால் பயனில்லை. மருத்துவர் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணியை அதற்குள் வைப்பார். வலி விரைவில் தணியத் தொடங்கும். சில நாட்கள் சென்று அதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். எளிய சிகிச்சைதான், ஆனால் ஓடுகிற ரயிலில் அது கிடைக்காது. பல் எடுத்த வாரத்தில் நெடும்பயணம் வேண்டாம் என்பதன் காரணம் இதுவே. ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தால், குறைந்தது பத்து நாட்களுக்குமுன் பல்லை எடுத்துவிடுங்கள்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

கீழே சொல்பவற்றில் ஒன்றைக் கண்டாலும் காலைவரை காத்திராதீர்கள்.

நாக்கின் அடியும் தாடையின் கீழும் கழுத்தும் வீங்கி இறுகுதல், எச்சிலை விழுங்க முடியாமை, குரல் மாறுதல், மூச்சுத் திணறல். பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்குவதன் அடையாளம் இது. மூச்சுக் குழாயை அடைத்துச் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். 112 என்ற எண்ணை அழைத்து, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்கே செல்லுங்கள். பல்லை எடுக்காமல் மாதக்கணக்கில் மாத்திரையோடு தள்ளிப்போடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து வரும் என்பதை மறவாதீர்கள்.

அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தம், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பின்னும் வளரும் வீக்கம், வாயைத் திறக்க முடியாமை ஆகியவற்றிற்கு அன்றே மருத்துவரைப் பாருங்கள். மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் தெரிவியுங்கள். மேல் கடைவாய்ப்பல் எடுத்தபின் குடிக்கும் நீர் மூக்கின் வழியாக வந்தால், மூக்கைச் சீந்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

காலியான இடம்

வலி தீர்ந்ததும் பலர் பல் மருத்துவரை மறந்துவிடுகிறார்கள். ஞானப்பல் எடுத்த இடத்தில் வேறு பல் கட்டத் தேவையில்லை. ஆனால் மெல்லுகிற மற்றப் பற்களில் ஒன்றை எடுத்துவிட்டு இடத்தை ஆண்டுக்கணக்கில் காலியாக விட்டால், பக்கத்துப் பல் அதற்குள் சாயும், எதிர்ப்புறத்துப் பல் அதை நோக்கி இறங்கும், உணவு சிக்கி அங்கும் சொத்தை விழும். புண் ஆறிய இரண்டு மூன்று மாதங்களில், கழற்றி மாட்டும் பல், நிலையான பாலம், எலும்பில் பொருத்தும் பல் ஆகியவற்றில் உங்கள் வசதிக்கு ஏற்றது எது என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிரியமானவர்களே, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்தையும் எண்ணி, நம் உடம்பின் வலியைக் கடைசியில் வைப்பது நம் வழக்கம். ஆயினும் குடும்பத்தைத் தாங்குகிறவரே படுத்துவிட்டால், தாங்குவதற்கு யார்? வலிக்கும் பல்லோடு இதை வாசிப்பவர் உங்களில் இருந்தால், மே மாதத்திற்குக் காத்திராதீர்கள். வருகிற வாரத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, மாத்திரை அட்டைகளைப் பையில் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள பல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் எடுத்துவிட்டு, ஏழு நாட்கள் அந்தச் சிறு உறைவைக் காத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உறவினர் வீட்டு விருந்தில் இரு பக்கத்தாலும் மென்று, மகிழ்ச்சியோடு உண்ணலாம்.